பழைய வீட்டுக்குப் போன வண்டி

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய அக்கா அவர்களுக்கு,

உடன்பிறந்த தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவியும் மகளும் உடம்பளவில் சுகம். மற்றபடி சுகம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. அங்கே தாங்கள் சுகமா என்று கேட்கத்தான் பத்தொன்பது நாளாகப் போன் செய்துகொண்டிருக்கிறேன். தாங்கள் எடுப்பதில்லை. தங்களைக் கட்டிக்கொண்ட பாவத்துக்கு மாமா எடுக்கிறார். எடுத்து, “அக்கா குளிக்கிறா” என்கிறார். ஒரு மனுஷி பத்தொன்பது நாளாகக் குளித்துக்கொண்டிருக்க முடியாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆகவே இந்தக் கடிதம்.

தாங்கள், தங்கள் என்று எழுதியது கடித மரியாதைக்காக. அதைப் படித்ததுமே உனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும் என்று இப்போதுதான் உறைக்கிறது. அடித்தால் தாள் அசிங்கமாகிவிடும். அது அப்படியே இருக்கட்டும், இனிமேல் நீ என்றே எழுதுகிறேன்.

முதலில் என் வேலை என்ன என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இருபத்தாறு வருடமாகியும் நம் குடும்பத்தில் ஒருவருக்கும் அது சரியாகத் தெரியாது. தீயணைப்பு நிலையம் என்றதும் நான் ஏணியில் ஏறி ஜன்னல் வழியாகக் குழந்தைகளைத் தூக்கி வருகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் ஏணியில் ஏறியதே கிடையாது. எங்கள் வீட்டில் பல்பு மாற்றக்கூட என் மனைவிதான் ஏறுகிறாள். நான் இருப்பது கட்டுப்பாட்டு அறை. காதில் ஹெட்போன், எதிரே இரண்டு திரை, முதுகோடு ஒத்துப்போகாத ஒரு நாற்காலி. ஊரில் எது எரிந்தாலும் முதலில் என் காதில்தான் எரியும். அழைக்கிறவர் கத்துவார், அழுவார், சிலர் திட்டுவார்கள், நான் மட்டும் நாலு கேள்வியை வரிசை மாறாமல் கேட்கவேண்டும். எங்கே, யார் பேசுவது, என்ன ஆச்சு, எத்தனை பேர். ‘எங்கே’ என்பதுதான் முதல் கேள்வி, ஏனென்றால் அதற்குப் பிறகு லைன் செத்துப்போனாலும் வண்டி போய்ச் சேர்ந்துவிடும். அவர்கள் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லி, அவர்கள் ‘ஆமாம்’ என்ற பிறகுதான் வண்டிக்குச் சொல்லவேண்டும். வண்டி போய்ச் சேரும்வரை அவர்கள் போனை வைக்கலாம், நாங்கள் வைக்கக்கூடாது. சொந்தக்காரன், வேற்று மனிதன் என்ற பேதமே கிடையாது.

அழைக்கிறவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்றும் கேள். “எரியுது, சீக்கிரம் வாங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள், ஊரில் ஒரே ஒரு அடுப்புதான் இருப்பது போல. ஓர் அம்மாளிடம் அடையாளம் கேட்டால், “வாசல்ல வெள்ளை நாய் படுத்திருக்கும்” என்றார். வண்டி போவதற்குள் நாய் எழுந்து போய்விட்டது. ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவர் தினமும் மாலை நாலு மணிக்கு அழைத்து, லைன் வேலை செய்கிறதா என்று பார்த்து, “நல்லது, தொடருங்கள்” என்று வைப்பார். விதி விதிதான் என்று அவரிடமும் முகவரி கேட்போம். அவர் எட்டுத் திசை எல்லைகளோடு சொல்வார். இப்படியே இருபத்தாறு வருடம் ஓடினால் மனுஷன் என்ன ஆவான்? என் மனைவி கடையிலிருந்து போன் போட்டு “என்னங்க” என்றால், “எங்கிருந்து பேசறீங்க?” என்கிறேன். மகள் பரீட்சை சரியாக எழுதவில்லை என்று அழுதுகொண்டே பேசினால், “அழாதீங்கம்மா, நிதானமா சொல்லுங்க, கூட வேற யாராவது இருக்காங்களா?” என்கிறேன். அவள் அழுகையை நிறுத்திவிட்டு, “போனை அம்மாகிட்ட குடுங்க” என்றாள். எனக்கு அலுத்துவிட்டது அக்கா. உண்மையாகவே அலுத்துவிட்டது.

இந்தப் பழக்கம் நம் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து விழுந்தது இரண்டு வருடத்துக்கு முன்னால், உன் பழைய வீட்டில் மாமா குளியலறைக்குள் மாட்டிக்கொண்ட அன்றைக்கு. மறந்திருக்கமாட்டாய். நீ மறக்காததால் நானும் மறக்க முடியவில்லை.

“டேய், மாமா பாத்ரூம்ல மாட்டிக்கிட்டார்டா! தாழ்ப்பாள் வரமாட்டேங்குது!” என்றாய், லைனில் என் குரலைக் கேட்டதுமே.

“முகவரி சொல்லுங்கம்மா.”

“என்னது?”

“தெரு பேரு, கதவு நம்பர்.”

“வாரா வாரம் நீ வந்து தின்னுட்டுப் போற வீடுதாண்டா!”

“பக்கத்துல அடையாளம் ஏதாவது இருக்கா?”

“இருக்கு. போன வாரம் நீ விட்டுட்டுப் போன செருப்பு வாசல்லதான் கிடக்கு.”

“உள்ள மாட்டிக்கிட்டவர் உங்களுக்கு என்ன உறவும்மா?”

குளியலறைக்குள்ளிருந்து மாமா சிரிக்கிற சத்தம் லைனில் கேட்டது. வண்டி ஐந்து நிமிடத்தில் வந்தது, தாழ்ப்பாளை அறுத்தார்கள், அவர் தலையில் சோப்போடு வெளியே வந்தார். வேலை சுத்தமாக முடிந்தது. ஆனால் அன்றிலிருந்து உன் வீட்டில் நான் சாப்பிட உட்கார்ந்தால் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, “உங்க பேரு என்னங்க? எத்தனை பேரு வந்திருக்கீங்க? நிதானமா சொல்லுங்க” என்று நீ ஆரம்பித்துவிடுவாய். கல்யாண வீடுகளில் என்னைக் கண்டதும் “முகவரி வந்தாச்சு” என்கிறார்கள். என் சொந்தப் பெயர் என்ன என்று சின்னப் பிள்ளைகளுக்கே தெரியாமல் போய்விட்டது. நீ எல்லோரையும் சிரிக்க வைத்தாய், நானும் கூடவே சிரித்தேன், ஆனால் ஒருநாள் பாத்திரம் எடுத்து வைக்கும்போது யாரும் இல்லாத நேரம் பார்த்து, “ஒரு தடவையாவது அக்கான்னு கூப்பிட்டிருக்கலாம்டா” என்றாய். அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. அடுத்த தடவை அக்கா கூப்பிட்டால் தம்பியாகத்தான் பேசுவது என்று அன்றைக்கே முடிவு கட்டிக்கொண்டேன்.

இப்போது அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். பகல் இரண்டு நாற்பது. பக்கத்து மேசைக்காரர் காய்ச்சல் என்று வராததால் முதல் நாள் வேலை முடிந்த கையோடு இரண்டாவது ஷிஃப்டையும் நானே பார்த்துக்கொண்டிருந்தேன். காலையிலிருந்து அறுபத்துமூன்று அழைப்பு. அந்த மேசையில் இருந்தது புதிதாகச் சேர்ந்த ஒரு பெண். கேள்விகளை இன்னும் அட்டையைப் பார்த்துத்தான் கேட்பாள். அவளுக்குக் ‘கேள்வித்தாள்’ என்று பெயர் வைத்ததே நான்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். அறுபத்துநாலாவது அழைப்பு உன்னுடையது.

“டேய், எண்ணெய்ச் சட்டி பத்திக்கிச்சுடா!”

அக்கா, இருபத்தாறு வருடத்தில் எந்த அழைப்பிலும் நான் கேள்வி வரிசையை விட்டதில்லை. அன்றைக்கு விட்டேன். “அக்கா, நான்தான். பதறாதே. நான் இருக்கேன்” என்றேன். அடுப்பை அணை, வெளியே போ, வண்டி வருகிறது என்றேன். எத்தனை தடவை அக்கா என்றேனோ கணக்கில்லை, இரண்டு வருடப் பாக்கியை அங்கேயே தீர்த்துவிட்டேன். எதிர்ப்பக்கம் ஒரே இரைச்சல். ஏதோ உலோகம் விழுந்த மாதிரி டமார் என்றது, லைன் போய்விட்டது. நான் முகவரி கேட்கவில்லை. வாரா வாரம் தின்றுவிட்டுப் போன வீட்டுக்கு எதற்கு முகவரி? என் விரல்களே அதை அடித்துவிட்டன. முதல் வண்டி கிளம்பியது.

நீங்கள் வீடு மாறி நாலு மாதமாகிறது என்பது எனக்குத் தெரியாததா? தெரியும். எந்த மூளைக்குத் தெரியுமோ அந்த மூளை அப்போது வேலையில் இல்லை.

முதல் வண்டியின் தலைவர் ஆறடிக்கு மேல் வளர்ந்தவர், நாங்கள் அவரை ‘ஏணி’ என்போம். ஆறாவது நிமிடம் ரேடியோவில் வந்தார். “வீடு பூட்டியிருக்கு. புகை தெரியல. தட்டினா பதில் இல்ல.”

“உள்ள ஆள் இருக்காங்க, உடைங்க” என்றேன்.

“நிச்சயமாத் தெரியுமா?”

“என் அக்கா வீடுங்க! பின்பக்கம் போங்க. கீழ்த்தாழ்ப்பாள் சரியா விழாது, தோளால ஒரு இடி இடிச்சாப் போதும். மூணாவது படி ஆடும், பார்த்து ஏறுங்க. உள்ள போனதும் இடதுபக்கம் சமையலறை.”

நான் சொன்னதில் ஓர் எழுத்துப் பிசகில்லை. ஒரே இடியில் கதவு திறந்தது. மூன்றாவது படி ஆடியது. இடதுபக்கம் சமையலறை இருந்தது. நுழைந்த வேகத்தில் முன்னெச்சரிக்கையாகத் தண்ணீரும் ஒரு பீச்சுப் பீச்சிவிட்டார்கள்.

“அடுப்பு சில்லுனு இருக்கு” என்றார் ஏணி. “ஒருத்தர் போர்வையைப் போர்த்திக்கிட்டு நனைஞ்சு நிக்கிறார். பல் டாக்டராம். நாள் முழுக்க மெஷின் சத்தம் கேக்குறதால காதுல பஞ்சு வெச்சுக்கிட்டுத் தூங்குவாராம்.” பிறகு கேட்டார்: “இவர்தான் உங்க அக்காவா?”

அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அப்போதுதான் வீடு மாறியது ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்து என்ன செய்ய, புது வீடு எங்கே என்று எனக்குத் தெரியாதே. நாலு மாதத்தில் நான் அங்கே எட்டிப் பார்த்ததில்லை. சாமான் மாற்றிய அன்றைக்கு எனக்கு வேலை, அடுத்த வாரம் வேலை, அதற்கடுத்த வாரம் தூக்கம். முகவரியை மாமா ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார், அது எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. உன் நம்பருக்கு அடித்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. மாமாவின் போன் அணைந்து கிடந்தது. என் மனைவிக்கு அடித்தேன். “எங்கிருந்து பேசறீங்க?” என்றாள் அவள், கிண்டலாக. “சீட்டைப் பாருடி!” என்று கத்தினேன். அவள் பயந்துபோய் ஓடிப் பார்த்தாள், சீட்டு இல்லை. ஃப்ரிட்ஜுக்கு அடியில் துடைப்பக் குச்சியை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். அந்த எட்டு நிமிடத்தைப் பற்றி எனக்கு எழுத வரவில்லை அக்கா. நீ எங்கேயோ எரிகிறாய், எங்கே என்று எனக்குத் தெரியவில்லை, ஊரில் உள்ளவன் வீட்டையெல்லாம் கண்டுபிடிக்கிறவன் நான்.

அப்புறம் பக்கத்து மேசையில் கேள்வித்தாள், “உங்க பேரு என்னம்மா?” என்று யாரிடமோ கேட்டாள். கேட்டுவிட்டு, வழக்கப்படி அதைத் திருப்பிச் சொன்னாள். உன் பெயர். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. உன் போனைச் சமையலறையிலேயே விட்டுவிட்டு வெளியே வந்து, பக்கத்து வீட்டுப் போனிலிருந்து நீ மறுபடி கூப்பிட்டிருக்கிறாய். அவள் அட்டையைப் பார்த்து எல்லாக் கேள்வியையும் வரிசையாகக் கேட்டு, திருப்பிச் சொல்லி, நீ ஆமாம் என்ற பிறகு அனுப்பிய வண்டி நாலே நிமிடத்தில் வந்துவிட்டது. அதற்கு முன்பே தீ அணைந்திருந்தது, சமையலறைச் சுவர் கறுத்ததோடு சரி. ஆனாலும் முதல் அழைப்பிலிருந்து இருபத்துமூன்று நிமிடம். சங்கு ஊதிக்கொண்டு எங்கள் வண்டி வேறு திசையில் போனதை நீ மாடியில் கரண்டியோடு நின்று கேட்டாயாம். அன்றைக்குச் சாயங்காலத்திலிருந்து சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் நீ ஒன்றையே சொல்லிக்கொண்டிருக்கிறாய்: “என்னை யாருன்னே தெரியாத பொண்ணு என் வீட்டைக் கண்டுபிடிச்சா. கூடப் பொறந்தவன் கண்டுபிடிக்கல.” எனக்கே ஏழு பேர் வந்து சொல்லிவிட்டார்கள். ஏழாவது ஆள் உன் குரலிலேயே சொல்லிக் காட்டினார்.

சரி, நடந்தது நடந்தது. கடிதத்தின் காரியத்துக்கு வருகிறேன். வரும் வியாழக்கிழமை எனக்கு விசாரணை. எங்கள் மேலதிகாரி எதையும் நிமிடக் கணக்கில் பேசுகிறவர், ‘நிமிடமுள்’ என்றால் துறை முழுக்கத் தெரியும். அவர் சொல்வது இதுதான். அழைத்தவர் பதற்றத்தில் முகவரி சொல்லவில்லை, நான் கேட்க மறந்தேன் என்றால் ஓர் எச்சரிக்கைக் கடிதத்தோடு போய்விடும். அழைத்தவர் முகவரி சொல்லியும் நான் காதில் வாங்கவில்லை என்றால், ஹெட்போனைக் கழற்றிவைத்துவிட்டு ஓய்வு பெறும்வரை பண்டகசாலையில் தண்ணீர்க் குழாய்ச் சுருள்களை எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதுதான். அலுப்பு அலுப்பு என்று இவ்வளவு எழுதினேன், ஆனால் அந்த நாற்காலியிலிருந்து என்னை எழுப்பிவிடுவார்கள் என்று நினைத்தால் ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. கேட்பது ஒன்றைத் தவிர எனக்கு வேறு வேலை தெரியாது.

நீ முகவரி சொன்னதாக மாமா சொல்கிறார். அக்கா, கோபித்துக்கொள்ளாதே, அனுபவத்தில் சொல்கிறேன். தீயைப் பார்த்து மிரண்டவர்கள் எல்லோருமே சொன்னதாகத்தான் நினைத்துக்கொள்வார்கள். சத்தியம்கூடப் பண்ணுவார்கள். பதிவைப் போட்டுப் பார்த்தால் ‘ஐயோ’ மட்டும்தான் இருக்கும். உன் மேல் தப்பில்லை, மனித மூளை அப்படி. சொல்லியிருந்தால் என் காதில் விழாமல் எங்கே போகும்? என் காது இருபத்தாறு வருடக் காது. ஆகையால் இத்துடன் ஒரு தாள் இணைத்திருக்கிறேன். ‘பதற்றத்தில் நான் முகவரி சொல்லவில்லை’ என்று ஒரே வரி. கீழே கையெழுத்துப் போட்டு வியாழக்கிழமைக்குள் அனுப்பிவிடு. அதில் பொய் ஏதும் இல்லை. மேற்கொண்டு நீ என்னோடு பேசுவதும் பேசாததும் உன் இஷ்டம்.

மாமாவுக்கு என் வணக்கம். புது வீட்டுக் குளியலறைத் தாழ்ப்பாளை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளச் சொல். பிள்ளைகள் படிப்பிலும் உடம்பிலும் ஒரு குறையும் இல்லாமல் வளரவேண்டும். உன் அடுப்பு எரியவேண்டிய அளவுக்கு மட்டும் எரிந்து, நீ நிறைந்த ஆயுளோடு என்னைத் திட்டிக்கொண்டு இருக்கவேண்டும்.

இப்படிக்கு,
நீங்கள் எல்லோரும் ‘முகவரி’ என்று கூப்பிடும்
உன் தம்பி

பின்குறிப்பு: மேலே உள்ளதை நேற்று எழுதினேன். சீட்டு கிடைக்காததால், உறையில் எழுத மாமாவிடம் முகவரி கேட்கவேண்டும் என்று ஒட்டாமல் வைத்திருந்தேன். இன்றைக்கு மத்தியானம் நிமிடமுள் என்னை அறைக்குக் கூப்பிட்டு, “விசாரணைக்கு முன்னாடி நீங்களே ஒரு தடவை கேட்டுடுங்க” என்று பதிவைப் போட்டார். நாற்பத்தோரு நொடி. “எண்ணெய்ச் சட்டி பத்திக்கிச்சுடா” என்கிறாய். மூச்சு வாங்கிக்கொண்டு உடனே, “பழைய வீடு இல்லடா, புது வீடு. தண்ணித் தொட்டிக்கு எதிர்க் கட்டடம், நாலாவது மாடி, இடதுபக்கக் கதவு, நம்பர் பதினேழு” என்கிறாய். ஊரில் எல்லோரும் இப்படிச் சொல்லமாட்டார்களா என்று நான் இருபத்தாறு வருடமாக ஏங்கிய மாதிரி, வரிசையாக, நிதானமாக. அதன் மேலேயே ஒரு ஆள் கத்துகிறான்: “தெரியும்க்கா, தெரியும், பதறாதே!” நீ மறுபடியும் முதலிலிருந்து சொல்கிறாய். “தெரியும்க்கா, தெரியும்!” பதறினவன் நான்தான். கடைசியில் நீ, “சரி, அடுப்பை அணைச்சுட்டேன், மூடியைப் போட்டு மூடிடறேன், தண்ணி ஊத்தக்கூடாதுன்னு நீதானே சொல்லுவே” என்கிறாய். அப்புறம்தான் அந்த டமார். அது மூடி.

வாரா வாரம் உன் சமையலறையில் நின்று அதைச் சொல்லுவேன். கொட்டாவி விட்டுக்கொண்டே பாத்திரம் தேய்ப்பாய். நான் சொன்னதை நீ கேட்டிருக்கிறாய் அக்கா. நீ சொன்னதை நான் கேட்கவில்லை.

இணைத்த தாளைக் கிழித்துப் போட்டுவிடு. நீ முகவரி சொன்னாய், நான்தான் காதில் வாங்கவில்லை என்று நானே எழுதி நிமிடமுள்ளிடம் கொடுத்துவிட்டேன். நாளைக்கே என் நாற்காலியில் கேள்வித்தாள் உட்காருகிறாள். முதுகைப் பற்றி அவளை எச்சரித்திருக்கிறேன். குழாய்ச் சுருள் எண்ணுகிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறையாம்.

உறை மேல் இருக்கும் முகவரியை மாமாவிடம் கேட்கவில்லை. பதிவில் நீ சொன்னபடியே எழுதினேன். வழக்கப்படி திருப்பிச் சொல்கிறேன்: தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்க் கட்டடம், நாலாவது மாடி, இடதுபக்கக் கதவு, நம்பர் பதினேழு. ஞாயிற்றுக்கிழமை அங்கே வருகிறேன். சனிக்கிழமை சாயங்காலம் போன் செய்வேன். நீ குளித்து முடித்து வந்து, ‘ஆமாம்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எவ்வளவு நேரமானாலும் நான் போனை வைக்கமாட்டேன்.